வால்வை மாற்றினால் மட்டும் போதுமா?

வால்வு ரேடியோவை நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. குமிழைத் திருகிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். பெட்டிக்குள்ளே இளஞ்சிவப்பாய் ஒரு வெளிச்சம் பரவும். பிறகுதான் இலங்கை வானொலி எங்கிருந்தோ எழுந்து வருவது போல மெல்ல வந்து சேரும். டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு ரேடியோ பரணுக்குப் போனது. வால்வின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முடியவில்லை. கிடார் வாசிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அது இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் கல்லூரி இசைக் குழுக்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கேட்பது வால்வு ஆம்ப்ளிஃபையர்தான். வாங்கிக் கொடுத்த அப்பாக்களின் புலம்பலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "வால்வு வாங்கியே ஓய்ந்து போனேன் சார்!"

வால்வு ஆம்ப்ளிஃபையர்களோடு என் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் இந்தப் புலம்பல் அடிக்கடி என் காதுக்கு வரும். இதை எழுதத் தூண்டியதும் அதுதான்.

எதற்கு இந்தப் பழைய சமாசாரம்?

1904-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராக இருந்த ஃப்ளெமிங் முதல் வால்வைச் செய்தார். இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் கிரிட் என்ற மூன்றாவது உறுப்பை நுழைத்தார். சின்ன மின்னலையைப் பெரிதாக்கும் வித்தை அப்போதுதான் கைவந்தது. ரேடியோ, பேசும் படம், நம் ஊர்த் திருவிழா மைக் செட் எல்லாம் அதன் பிள்ளைகள்.

கிடார்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மீறி முடுக்கினால் ஒலி பட்டென்று வெட்டுப்பட்டு நாராசமாகிவிடும். வால்வு அப்படி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திணறி, அந்தத் திணறலிலேயே ஒரு கனத்தையும் இழைவையும் கொடுக்கும். ராக் இசைக்கு அந்தத் திணறல்தான் வேண்டும். 1962-ல் லண்டன் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபையரை அடியொற்றித் தம் ஆட்களைக் கொண்டு ஒன்று செய்வித்தார். அந்த வம்சம்தான் இன்றும் மேடைகளில் முழங்குகிறது.

ஆனால் வால்வு செய்பவர்கள் அருகிவிட்டார்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இன்று கிடார் ஆம்ப்ளிஃபையருக்கான வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்திவைத்தபோது உலகம் முழுவதும் கடைகளில் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. ஒரு ஜோடி பவர் வால்வு வாங்க இன்று சில ஆயிரம் ரூபாய் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு ஜோடி என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்?

எட்டு மாதத்தில் மூன்று ஜோடி

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் வீட்டில் இதுதான் நடந்தது. பையன் கல்லூரி மாணவன். நல்ல விரல். பழைய இங்கிலாந்துத் தயாரிப்பான 50 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வேறொரு வாத்தியக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தார்கள். அதில் இ.எல். 34 என்ற பவர் வால்வு இரண்டு. எட்டு மாதத்தில் மூன்று ஜோடி போய்விட்டன.

ஒழுங்கான ஆம்ப்ளிஃபையரில், தினம் இரண்டு மணி நேரம் வாசித்தால்கூட, ஒரு ஜோடி ஒன்றரை இரண்டு ஆண்டு சாதாரணமாக ஓடும். பழுது பார்த்த கடைக்காரர் முதல் முறை, "வால்வு டூப்ளிகேட்" என்றாராம். இரண்டாம் முறை, "வால்வுன்னா அப்படித்தான் போகும்" என்றாராம். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் பில் மட்டும் கொடுத்தாராம்.

அன்பர் வெறுத்துப்போய், "வித்துடலாம்னு இருக்கேன் சார். இவன் வாசிச்சதும் போதும், நான் அழுததும் போதும்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, மூணு தடவையும் முதல்ல போனது எந்தப் பக்கத்து வால்வு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலது பக்கம் அங்கிள். மூணு தடவையும் வலது பக்கம்தான் முதல்ல சிவந்தது" என்றான்.

பாதி வைத்தியம் அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது.

குடித்தனக்காரரா, வீடா?

ஒரு வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் எல்லாரும் ஆறு மாதத்தில் காய்ச்சலில் படுக்கிறார்கள் என்றால், வருகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக் கிணற்றைப் பார்க்க வேண்டும். வால்வும் அப்படித்தான். வெவ்வேறு கடையில் வாங்கிய மூன்று வால்வுகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சாகின்றன என்றால், நோய் அந்த இடத்தில் இருக்கிறது.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வுகள் நன்றாக ஆறிய பிறகு இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். வலது இடதாகட்டும், இடது வலதாகட்டும். மறுபடி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கவனியுங்கள். உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்தால் அந்தக் கணமே அணைத்துவிடுங்கள். சிவப்பு வால்வோடு கூடவே இடம் மாறியிருந்தால் வால்வில் குறை. சிவப்பு பழைய இடத்திலேயே நின்றிருந்தால் ஆம்ப்ளிஃபையரில் குறை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கண்ணாடியின் உட்சுவரில் நீல நிறத்தில் மங்கலாக ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. உறுப்புகளுக்கு நடுவே ஊதா கலந்த ரோஜா நிறத்தில் புகை போலத் தெரிந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, வால்வு கெட்டது. கண்ணாடியின் உட்புறத்தில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் காற்றே புகுந்துவிட்டது என்று பொருள்.

வால்வு என்பது ஒரு மதகு

மேலே போகுமுன் வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவிரிக் கரைக்காரர்களுக்கு இது எளிதாக விளங்கும்.

வால்வின் நடுவே கேத்தோடு என்ற குழாய். அதற்குள் ஹீட்டர். சூடேறியதும் கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிவருகின்றன. சுற்றிலும் பிளேட் என்ற தகடு. அதில் 450 வோல்ட் அளவுக்கு நேர்மின் அழுத்தம். எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. நடுவில் கம்பிச் சுருளாக நிற்பது கிரிட். இதுதான் மதகு. கிரிட்டில் எதிர்மின் அழுத்தம் அதிகமானால் மதகு இறங்கும், ஓட்டம் குறையும். அழுத்தம் குறைந்தால் மதகு ஏறும், வெள்ளம் பாயும். கிடாரிலிருந்து வரும் மின்னலை இந்த மதகைத்தான் ஏற்றி இறக்குகிறது.

வாசிக்காமல் சும்மா இருக்கும்போது மதகு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த அளவை நிர்ணயிக்கும் எதிர்மின் அழுத்தத்துக்குப் பெயர் பயாஸ். மதகு அளவுக்கு மேல் திறந்து நின்றால், யாரும் வாசிக்காத நேரத்தில்கூட வெள்ளம் பாய்ந்துகொண்டே இருக்கும். தகடு சிவக்கும், கேத்தோடு வறளும், வால்வு மாதக் கணக்கில் முடிந்துபோகும். பவர் வால்வு அற்பாயுளில் போகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

திறப்பதற்கு முன்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபையரின் உள்ளே 400, 500 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே கூடாது. தொழில் தெரிந்தவர்களும், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றின் வழியாகக் கண்டென்சரைக் காலி செய்து, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கை வைப்பார்கள். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சின் வழியாகப் போகக்கூடாது என்பதற்காக.

நான் பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைத்தான் திறந்தேன். மூன்று பின் பிளக்கில் எர்த் கம்பி வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது. யாரோ, எப்போதோ, ஸ்பீக்கரில் கேட்ட உறுமலை நிறுத்த இந்த 'வைத்தியம்' செய்திருக்கிறார்கள். பையனைக் கேட்டேன்: "மைக்கில உதடு பட்டா சுரீர்னு இருக்குமா?"

"ஆமா அங்கிள். சில இடத்துல அப்படித்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்."

அவன் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வால்வுச் செலவைப் பற்றியே எட்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த வீட்டில் இந்தச் சுரீரைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. 1972 மே 3-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில், 'ஸ்டோன் தி க்ரோஸ்' என்ற குழுவின் கிடார்காரர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்துபோனார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். ஒரு கை கிடார்க் கம்பியில், மறு கை மைக்கில். கிடாரின் உலோகக் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. சட்டத்தில் மின்சாரம் ஏறினால் அது நேரே பிள்ளையின் விரலுக்கு வரும். எர்த் கம்பிதான் அதைத் தரைக்கு இழுத்துப்போகும் ஒரே வழி.

எனவே முதல் வேலையாகப் புது மூன்று பின் பிளக் போட்டேன். சுவரில் இருந்த சாக்கெட்டிலும் எர்த் இருக்கிறதா என்று சோதித்தேன். உறுமலுக்கு வேறு மருந்து உண்டு. எர்த்தை வெட்டுவது மருந்தல்ல.

மீட்டர் சொன்ன கதை

அடுத்து மெயின்ஸ். நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு 230 வோல்ட். ஆனால் அந்தக் கட்டடத்தில் மாலை ஏழு மணிக்கு 236, இரவு பதினொன்றுக்கு 244 என்று மீட்டர் காட்டியது. பையன் பயிற்சி செய்வது இரவில்தான். ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் மெயின்ஸ் தேர்வுச் சாவி ஒன்று உண்டு. அது 220-ல் நின்றது.

220-க்கு என்று வைத்த டிரான்ஸ்பார்மருக்கு 244 கொடுத்தால் உள்ளே எல்லாமே 11 சதவீதம் ஏறும். 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டரில் 7 வோல்ட் இருந்தது. பத்து சதவீதம் வரை முன்பின் பொறுக்கும், இது அதையும் தாண்டிவிட்டது. பிளேட்டில் 445 இருக்க வேண்டிய இடத்தில் 493. சாவியை 240-க்கு மாற்றியதும் ஹீட்டர் 6.4, பிளேட் 452 என்று இறங்கின. செலவு, ஒரு பைசா இல்லை.

சாவி இல்லாத ஆம்ப்ளிஃபையர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப்ளிஃபையர் 120 வோல்ட் காரியம். அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைக்கும்போது, அதிலிருந்து உண்மையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டை நம்ப வேண்டாம்.

மெயின்ஸ் சரியில்லை என்றால் இரண்டு வால்வும் சேர்ந்துதானே கெட வேண்டும்? வலது பக்கம் மட்டும் ஏன் முதலில் போகிறது? ஆகவே இன்னொரு குற்றவாளி இருந்தாக வேண்டும்.

மெயின்ஸைத் தொடுவதற்கு முன்பே இரு வால்வுகளின் ஓட்டத்தையும் குறித்து வைத்திருந்தேன். கேத்தோடுக்கும் தரைக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை வைத்தால், அதன் குறுக்கே எத்தனை மில்லி வோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். போட்ட புதிதில் இடது 46, வலது 47. அரை மணி நேரம் கழித்து இடது அதே 46. வலது 67!

கணக்குப் போடுவோம். 493 வோல்ட்டை 67 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 33 வாட். இ.எல். 34-இன் பிளேட் தாங்கக்கூடியது 25 வாட். இதில் ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போகும் சிறு பங்கைக் கழித்தாலும் எல்லைக்கு மேலேதான். தகடு சிவக்காமல் என்ன செய்யும்? இடது வால்வுகூட 22 வாட்டுக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. சும்மா இருக்கும்போது தாங்குதிறனில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது மெக்கானிக்குகளின் பொது வழக்கம். இ.எல். 34-க்கு அது 17.5 வாட்.

கடைக்காரரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அவர் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருப்பார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நோய் அரை மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டுகிறது.

சின்னஞ்சிறு கசிவு

சூடேறினால் கெடுகிற பொருள் எது? பழைய கண்டென்சர். பவர் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாகக் கப்ளிங் கண்டென்சர் இருக்கும், 0.022 மைக்ரோ ஃபாரட் அளவில். முந்திய வால்விலிருந்து இசை அலையை மட்டும் இந்தப் பக்கம் விட்டு, அங்கே உள்ள இருநூறு சொச்சம் வோல்ட் நேர்மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. வீட்டு வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. காவல்காரர் கண்ணயர்ந்தால் நேர்மின்சாரம் கொஞ்சம் கசிந்து கிரிட்டுக்கு வந்துவிடும். எதிர்மின் அழுத்தம் குறையும், மதகு தானாக ஏறும்.

பவர் வால்வு இரண்டையும் எடுத்துவிட்டு, சாக்கெட்டில் கிரிட்டுக்கு உரிய ஐந்தாம் பின்னில் அளந்தேன். இரண்டு பக்கமும் மைனஸ் 39 வோல்ட். பிறகு வீட்டு அம்மாளிடம் ஹேர் டிரையரைக் கேட்டு வாங்கி, வலப்பக்கக் கண்டென்சர் மேல் இரண்டு நிமிடம் தூரத்திலிருந்து சூடு காட்டினேன். மைனஸ் 39 மெல்ல மெல்ல மைனஸ் 36 ஆயிற்று. இடப்பக்கத்துக்கும் அதே சூட்டைக் காட்டினேன். அது அசையவில்லை. அணைத்து, கண்டென்சர்களைக் காலி செய்து, வலப்பக்கக் கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு மீண்டும் போட்டு அளந்தேன். மைனஸ் 39, இம்மியும் அசையவில்லை. குற்றவாளி பிடிபட்டான்.

மூன்றே வோல்ட்! அந்த மூன்று வோல்ட்தான் மூன்று ஜோடி வால்வுகளைத் தின்றது. லாமிங்டன் ரோட்டில் 630 வோல்ட் தாங்கும் புது கண்டென்சர் ஒரு ஜோடி வாங்கினோம். வால்வு விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை. ஒரு பக்கம் போனால் மறுபக்கத்துக்கும் வயது அதேதான், ஆகவே இரண்டையும் மாற்றினேன். பயாஸ் மின்சாரத்தைச் சீராக்கும் சின்ன எலெக்ட்ரோலிடிக் கண்டென்சரும் வயதானதாக இருந்ததால் அதையும் மாற்றினேன். அது வறண்டுபோனால் இரண்டு வால்வுக்கும் ஒருசேரப் பயாஸ் குறையும். மாற்றும்போது ஒரு கவனம் வேண்டும்: இந்த இடத்தில் அதன் நேர்முனைதான் தரைக்குப் போகும். பழக்கதோஷத்தில் தலைகீழாகப் போட்டுவிடுபவர்கள் உண்டு.

கடைசியில் பயாஸைத் திருத்தி வால்வுக்கு 37 மில்லி ஆம்பியர் என்று வைத்தேன். 452 வோல்ட்டில் 16.7 வாட். இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதே ஜோடி ஓடிக்கொண்டிருக்கிறது.

வேறு காரணங்கள்

எல்லா ஆம்ப்ளிஃபையரிலும் இதே குறைதான் இருக்கும் என்பதில்லை. நான் பார்த்த வேறு சில காரணங்களையும் சொல்லி வைக்கிறேன்.

ஸ்பீக்கர் பொருத்தம்: பின்புறம் 4, 8, 16 ஓம் என்று போட்டிருக்கும். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் 8-இல்தான் இணைக்க வேண்டும். பழைய ஸ்பீக்கர் கிழிந்து வேறு ஓம் உள்ளதைப் போட்டுவிட்டு, சாவியை மாற்ற மறந்துவிடுவார்கள். ஓம் குறைந்தால் பிளேட்டில் பாரம் ஏறும். ஓம் கூடினால், பலமாக வாசிக்கும்போது ஸ்கிரீன் கிரிட் பாரத்தைச் சுமந்து சிவக்கும். ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பது எல்லாவற்றிலும் மோசம். மின் அழுத்தம் எகிறி சாக்கெட்டில் பொறி பறக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போய்விடலாம்.

ஸ்கிரீன் ரெசிஸ்டன்ஸ்: ஒவ்வொரு பவர் வால்வின் ஸ்கிரீன் கிரிட்டுக்கும் 470 ஓம் அல்லது 1 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் காவலாக இருக்கும். வால்வு ஒருமுறை ஷார்ட் ஆகிச் செத்திருந்தால் இது கருகியிருக்கும். அதைப் பார்க்காமல் புது வால்வு போட்டால் அதுவும் முன்னதன் வழியே போகும்.

சாக்கெட்: மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பின்களில் பச்சையாய்க் களிம்பு ஏற்றிவிடும். ஐந்தாம் பின் தொடர்பு விட்டுப்போனால் பயாஸ் அடியோடு இல்லாமல் போகும். மதகையே பிடுங்கி எறிந்த மாதிரி. வால்வை லேசாக அசைக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள்.

வால்வு வகை: உருவம் ஒன்றாக இருக்கிறது, எட்டு பின் பொருந்துகிறது என்பதற்காக 6 எல் 6 இடத்தில் இ.எல். 34-ஐச் செருகக்கூடாது. இ.எல். 34-இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் கேட்கும். 6 எல் 6-க்கு 0.9 போதும். பயாஸும் வேறு. டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று தெரியாமல் மாற்ற வேண்டாம். ஒரே வகையிலும் ஓட்டம் ஒத்துப்போகும் ஜோடியாகப் பார்த்து வாங்குவது நல்லது. புது ஜோடி போட்டதும் பயாஸைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

காற்றோட்டம்: ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே துணி விரித்து, அதன் மேல் பொம்மையை உட்காரவைக்கும் வீடுகள் உண்டு. வால்வுக்கு மூச்சு முட்டும். பின்னால் ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

1. வால்வு போனால் தேதியையும் எந்தப் பக்கம் போனது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

2. தகடு சிவந்தால் "இந்தப் பாட்டை முடித்துவிடுகிறேன்" என்று சொல்ல விடாதீர்கள். உடனே அணைக்கச் சொல்லுங்கள்.

3. பழுது பார்த்த பின் முதலில் சீரீஸ் பல்பு வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 100 வாட் குண்டு பல்பு தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். பளிச்சிட்டு மங்கினால் பயமில்லை. பிறகு பல்பை எடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது ஓடிய பின் இரு வால்வின் ஓட்டத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. பிளக்கில் மூன்று பின்னும், உள்ளே மூன்று கம்பியும், சுவர் சாக்கெட்டில் எர்த்தும் இருக்கின்றனவா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். மேடைக்குப் போகும் இடத்திலும் இதைக் கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வால்வு மெக்கானிக்குகள் இன்று ஊருக்கு நாலு பேர் கிடைத்தாலே அதிகம். கிடைப்பவரிடம் "வால்வை மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அவர் மாற்றித்தான் கொடுப்பார். "ஏன் போயிற்று என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதற்கு ஒரு நாள் கூடப் பிடிக்கலாம், கூலி கொஞ்சம் அதிகமாகலாம். ஆனால் அடுத்த ஜோடியின் விலை மிஞ்சும், பிள்ளையின் வாசிப்பும் தடைப்படாது. தொட்டால் சுரீர் என்கிறது என்று பிள்ளை எப்போதாவது சொன்னால் மட்டும் மெக்கானிக் வரும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிறகு பேசுங்கள்.